அவருக்கு இன்னும் வலி இருக்கு

அப்படி நெளியாதீங்கம்மா. நெளிஞ்சா வலி போகாது, என் இடம்தான் போகும். சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. இடுப்புதான? நான் உசிலம்பட்டியில ஏறினப்பவே பாத்தேன். ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்து, முன் சீட்டுக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. வீட்டுல இதத்தான பாத்துக்கிட்டிருக்கேன், பங்குனியில இருந்து.

வலி கால் வரைக்கும் இறங்குதா? மரத்துப்போகுதா? ஒன்னுக்குப் போறதுல எதுவும் சிரமம் இருக்கா? இல்லையில்ல? அப்ப பயப்படாதீங்க. அதெல்லாம் இருந்தாத்தான் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உங்களுக்கு இது சதைப் பிடிப்பா இருக்கும். என்ன வேலை? பேங்க்லயா? அதான். உக்காந்தா உக்காந்த எடம். அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நாலு எட்டு நடங்க. கம்ப்யூட்டர் கண்ணுக்கு நேரா இருக்கணும். கால் தொங்கக்கூடாது, கீழ ஒரு பலகை போட்டுக்கங்க. எல்லாத்துக்கும் மேல, வலிக்குதுன்னு படுத்துறாதீங்க. படுத்தீங்கன்னா போச்சு. டாக்டரு சொன்னதத்தான் சொல்றேன். தேனியில ஒரு எலும்பு டாக்டர். மனுசன் சிரிக்கவே மாட்டாரு, ஆனா சொல்றது பூராம் விவரமா இருக்கும். "இடுப்புங்கிறது ஓடணும்மா, ஓடாத வண்டிதான் துரு பிடிக்கும்"னாரு.

எனக்கு இல்லம்மா. எனக்கெல்லாம் வலிக்கிறதுக்கு நேரம் எங்க இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கு.

கடை வச்சிருக்கோம். தவமணி ஹார்டுவேர்ஸ். பேரையூர் ரோட்டுல, நீங்க பஸ்ல போகையில பாத்திருப்பீங்க, மஞ்சள் போர்டு. அவரு பேருதான் தவமணி. சிமெண்டு, கம்பி, பைப்பு, பெயிண்டு எல்லாம் இருக்கு. அவரு ஒத்த ஆளா ஆரம்பிச்சு நடத்தின கடை. நான் அந்தப் பக்கமே போனதில்ல. மத்தியானம் தூக்குச்சட்டி குடுத்துவிடறதோட சரி. எங்களுக்கு ஒரே மக, அவளையும் ஓசூர்ல கட்டிக்குடுத்தாச்சு. வீட்டுல நானும் டிவியும்தான்.

பங்குனி மாசம் ஒரு நாள் லோடு வந்துருக்கு. லோடு இறக்கற காசிமாயன் அன்னைக்கு ஒரு சாவுக்குப் போயிட்டான். இவரு சும்மா இருக்கலாம்ல? லாரிக்காரன் அவசரப்படுத்துறான்னு இவரே சிமெண்டு மூட்டையத் தூக்கியிருக்காரு. தூக்குனது கூடப் பரவாயில்ல, தூக்கிட்டு அப்படியே இடுப்ப மட்டும் திருப்பியிருக்காரு. டாக்டரு பிறகு அதத்தான் சொன்னாரு. குனிஞ்சு தூக்குறதவிட மோசம், தூக்கிக்கிட்டே திரும்புறதுன்னு. காலத் திருப்பணுமாம், இடுப்பத் திருப்பக்கூடாதாம். மூட்டைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, முட்டிய மடக்கி எந்திரிக்கணுமாம். இதெல்லாம் முன்னாடியே யாரு சொல்றா?

"படக்"னு ஒரு சத்தம் கேட்டுச்சும்பாரு. வெளிய யாருக்கும் கேக்கல, அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கு. அப்படியே மூட்டையோட உக்காந்துட்டாரு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்க. ஆறடி மனுசன்மா. வாசப்படியில கால் எடுத்து வைக்க முடியாம என் தோளப் புடிச்சுக்கிட்டு அழுகுறாரு. எங்க மாமனார் செத்தப்பக்கூட அழாத ஆளு.

ஒரு நிமிசம். போன் அடிக்குது.

சொல்லு காசிமாயா... ஆமா, வந்துக்கிட்டிருக்கேன், கணவாய்கிட்ட... எந்த டேங்கு? ஆயிரம் லிட்டரா? மூணு லேயரா, நாலு லேயரா கேட்டியா? கேளு முதல்ல. நாலு லேயர்தான் கேப்பாரு, அவரு மொட்ட மாடியில நிழலே கிடையாது... ஏய், பிளாஸ்டிக் எல்போவப் பித்தளை எல்போ டப்பாவுல போட்டு வச்சிருக்கான் அந்தப் புதுப் பையன், மாத்தி வையி. சரி வையி.

என்ன சொன்னேன்? ஆமா, அழுதாரு.

முதல்ல சுளுக்குன்னாங்க. சுளுக்கு எடுக்கிறவர் ஒருத்தரக் கூட்டியாந்தோம். அவரு வெத்தலயப் போட்டு நீவுனாரு, முதுகுல ஏறி மிதிச்சாரு. மறுநா வலி காலுக்கு இறங்கிருச்சு. சூட்டு உடம்புன்னு ஒருத்தரு எண்ணெய் குடுத்தாரு. வாயுன்னு ஒருத்தரு கசாயம் குடுத்தாரு. எங்க தெருவுல ஒரு அம்மா, அவுக தம்பி பொண்டாட்டிக்குப் பிள்ளைப்பேறுல போட்ட ஊசியால வந்துச்சாம், அதக் கதையா சொல்லிட்டு, இவருக்கு என்ன ஊசி போட்டாங்கன்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல?

பிறகு மதுரையில ஸ்கேன் எடுத்தோம். குழாய்க்குள்ள விட்டு எடுப்பாங்களே, அது. எல் நாலு எல் அஞ்சுன்னு என்னமோ எழுதி, வட்டு பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். பிதுங்கியிருக்குன்னதும் எனக்குச் சோறு இறங்கல. அங்க இருந்த டாக்டரு உடனே ஆபரேசன்னுட்டாரு. இவரு என் மொகத்தப் பாக்குறாரு. நான் என்னத்தக் கண்டேன்? அப்பத்தான் எங்க மக போன்ல அழுதா. "இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம கத்தி வைக்க விடாதம்மா"ன்னா. அதனாலதான் தேனி டாக்டரு.

அவரு ஸ்கேனப் பாக்குறதுக்கு முன்னாடி இவரப் பாத்தாரு. காலத் தூக்கச் சொன்னாரு, குதிகால்ல நடக்கச் சொன்னாரு, பெருவிரல அமுக்கிப் பாத்தாரு. பிறகுதான் ஸ்கேன். "நாப்பது வயசுக்கு மேல எடுத்தா பாதிப் பேரு ஸ்கேன்ல இதுதான் இருக்கும்மா, வலியே இல்லாதவனுக்கும் இருக்கும்"னாரு. "கால்ல பலம் இருக்கு. நரம்பு கொஞ்சம் கோவிச்சுருக்கு, அவ்வளவுதான். தானா அடங்கும். கத்தி வேண்டாம்"னாரு. கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை, சுடுதண்ணி ஒத்தடம், வலிக்கு ஏத்த மாதிரி நடை. பிறகு பயிற்சி. ரெண்டு நாளைக்கு மேல படுக்கை வேண்டாம்னு விரல ஆட்டிச் சொன்னாரு. பெல்ட்டுகூட வெளியூர் போகையில மட்டும் போட்டாப் போதும், எந்நேரமும் போட்டா சதை சோம்பேறியாயிரும்னாரு.

அப்பத்தான் கடைய யாரு பாக்குறதுன்னு வந்துச்சு. பூட்டிப் போட முடியுமா? ரெண்டு நாளைக்கு மட்டும்னு நான் போனேன். சத்தியமா ரெண்டு நாளைக்குன்னுதாம்மா போனேன்.

முதல் நாள் ஒருத்தரு வந்து "முக்கால் இஞ்சு எம்டிஏ இருக்கா"ன்னு கேக்குறாரு. அது பைப்பு முனையில மாட்டுற மரைச் சாமானாம், அப்ப எனக்கு என்னன்னே தெரியாது. "காலையில தீந்துபோச்சு"ன்னுட்டேன். அவரு எனக்குப் பின்னாடி கையக் காட்டுறாரு. டப்பா நிறைய இருக்கு! கடையே சிரிச்சுச்சு. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சாமானா இவருகிட்ட கேட்டேன். அவரும் படுத்துக்கிட்டே சொன்னாரு, இது டீ, இது ரெடியூசரு, இது யூனியன், பைப்ப அறுக்காம கழட்டணும்னா யூனியன் போடணும். நல்லாச் சொல்லிக்குடுப்பாருமா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரா போயிருக்க வேண்டிய ஆளு.

ரெண்டு மாசத்துல நான் புடிச்சுட்டேன். இப்ப எந்தக் கொத்தனாரு வந்தாலும் என்கிட்டதான் கேக்குறாங்க. பைப்பெல்லாம் பின்கட்டுல கிடந்து தூசி படிஞ்சு கிடந்துச்சு, முன்னாடி கொண்டாந்து நிறுத்துனேன். கை கழுவுற பேசினு, டைல்ஸு எல்லாம் புதுசா வச்சேன். சாமான வீட்டுக்கே கொண்டுபோய் இறக்க ஒரு குட்டி வண்டி போட்டேன். சோலைமலைக் கொத்தனாரு என்ன சொன்னாரு தெரியுமா? "அக்கா, இத்தன வருசமா இது கடைன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம், இப்பத்தான் இது கடை"ன்னாரு. இவரு வீட்டுல படுத்திருக்கையில இத வந்து நான் சொன்னேன், சந்தோசப்படுவாருன்னு. "அப்படியா"ன்னாரு. மருந்து மயக்கம், பாவம்.

காலையில கண்ணு முழிச்சதும் இன்னைக்கு என்ன லோடு வருதுன்னுதாம்மா நெனப்பு ஓடுது. முன்னாடியெல்லாம் காலையில முழிச்சா என்ன நெனப்பேன்னே ஞாபகம் இல்ல.

ஆனா ஒன்னு சொல்றேன், அவரக் கவனிக்கிறதுல ஒரு குறை வச்சேன்னு யாரும் சொல்ல முடியாது. பல்லு விளக்க டம்ளர்ல தண்ணி கொண்டுபோய்க் குடுத்து, ஒத்தடம் வச்சு, பெல்ட்ட நானே இறுக்கிக் கட்டி, மூணு வேளையும் தட்டக் கொண்டுபோய்க் கட்டில்ல குடுத்துட்டுத்தான் கடைக்குப் போவேன். பலகைக் கட்டில் தனியாச் செஞ்சு போட்டேன். எந்திரிக்க விடமாட்டேன். தண்ணிச் சொம்பு கூட அவரு குனிஞ்சு எடுக்கக்கூடாது.

என்ன பாக்குறீங்க? டாக்டரு படுக்க வேண்டாம்னாருதான். நானும் உங்களுக்கு அதத்தான சொன்னேன். ஆனா அவரு விஷயம் வேறம்மா. நீங்க சின்ன வயசு. அவரு அழுததப் பாத்தவ நானு. டாக்டரா பாத்தாரு?

பயிற்சி குடுக்க வீட்டுக்கே ஒரு பொண்ணு வந்துச்சு, நஸ்ரின்னு பேரு. பிசியோதெரபி படிச்ச பொண்ணு, நல்ல பொண்ணுதான். மல்லாக்கப் படுக்க வச்சு முட்டிய நெஞ்சுக்குக் கொண்டுபோறது, குப்புறப் படுத்துத் தலையத் தூக்குறது, முட்டிபோட்டு நின்னு பூனை மாதிரி முதுக வளைக்கிறது. ஆரம்பத்துல இவரு முனகுவாரு, பிறகு நல்லாச் செஞ்சாரு. வைகாசி கடைசியில தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வந்தாரு. ஆனி ஆடியில மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்தாரு. கால் வலி சுத்தமா நின்னுபோச்சு. அப்ப அந்தப் பொண்ணு சொல்லுது, "அம்மா, அங்கிளு இனி கடைக்குப் போகலாம். முதல்ல அரை நாளு. சும்மா வீட்டுல இருந்தா வலி மனசுக்குள்ள போய் உக்காந்துக்கிரும்"னு.

மனசுக்குள்ள எப்படிம்மா இடுப்பு வலி உக்காரும்? வயசு இருவத்தஞ்சு இருக்குமா அந்தப் பொண்ணுக்கு? "பாக்கலாம்மா, அவசரமில்ல"ன்னேன். குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, அதுவே பயமா இருந்துச்சு எனக்கு. ஆவணி பொறந்ததும் இனிமே வர வேண்டாம்னு சொல்லி நிறுத்திட்டேன். அந்தப் பொண்ணு போகையில வாசல் வரைக்கும் அவரே எந்திரிச்சுப் போய் வழியனுப்பிட்டு வந்தாரு. அதுக்கே நான் சத்தம் போட்டேன்.

இருங்க, ஆண்டிபட்டி வந்துருச்சு. ஜன்னல் பக்கம் நீங்க வாங்க, காலக் கொஞ்சம் நீட்டிக்கலாம். என் பையத் தூக்காதீங்க! உங்க பையையும் தூக்காதீங்க, நான் வைக்கிறேன். உங்களுக்கு ஆகாது. இந்தாங்க, முதுகுக்குப் பின்னால இந்தத் துண்டச் சுருட்டி வச்சுக்கங்க. அந்தப் பள்ளத்துல. ம், இப்ப எப்படி இருக்கு? பாத்தீங்களா!

எங்க விட்டேன்? ஆவணி. இதக் கேளுங்க. இதுதான் முக்கியம்.

ஒரு நாள் பத்து மணி இருக்கும். நல்ல முகூர்த்த மாசம், கடையில கூட்டம். நான் ஒரு பக்கம் பெயிண்டு கலக்கிக்கிட்டிருக்கேன், நிமிந்து பாத்தா வாசல்ல இவரு. தேச்ச சட்ட, நெத்தியில விபூதி, நடந்தே வந்திருக்காரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பெல்ட்டும் இல்ல. கூட்டத்துல என்ன சொல்ல முடியும்? ஸ்டூல எடுத்து ஃபேனுக்குக் கீழ ஓரமாப் போட்டு உக்காரச் சொன்னேன். கல்லா நாற்காலியில நான் உக்காந்திருந்தேன்னு இல்லம்மா, அங்க பில் புஸ்தகம், போன், எல்லாம் என் கைக்கு இருந்துச்சு. அவரு ஓரத்துல உக்காந்தா சௌகரியம்தான.

சோலைமலை வந்தாரு. "அண்ணே, நல்லா இருக்கீங்களா"ன்னு கையப் புடிச்சாரு. இவருக்கு மொகமே மாறிப்போச்சு. "கட்டுக்கம்பி குடுங்கண்ணே"ன்னு சோலைமலை இவருகிட்ட கேட்டாரு. இவரு எந்திரிச்சு வலது பக்கம் மூலைக்குப் போறாரு. அங்க இல்ல. பின்கட்டுக்குப் போறாரு, அங்கயும் இல்ல. திரும்பி வாராரு, படிக்குக் கீழ குனிஞ்சு பாக்குறாரு. நான்தான் பெயிண்டு கையோட சத்தமா, "அங்க இல்லங்க, நான் மாத்திட்டேன், அந்தப் பக்கம் ஆணிக்கு மேல"ன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. காசிமாயன் போய் எடுத்துக் குடுத்துட்டான்.

அதோட விட்டாரா? ஒருத்தரு பெயிண்டு வாளி கேட்டாரு, பெரிய வாளி. இவரு போய் முட்டிய மடக்கி உக்காந்து, அந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்த மாதிரியே நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டாரு. "வைங்க கீழ! உங்களுக்கு ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது!"ன்னு கத்திட்டேன். அவரு வாளிய மெதுவா கீழ வச்சாரு. கையத் துடைச்சுக்கிட்டாரு. "சரி, நான் கிளம்புறேன்"னு யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாரு. சோலைமலை குனிஞ்ச தலையோட கம்பிய எடுத்துக்கிட்டுப் போனாரு. அந்த ஆளு எப்பவும் ஏதாச்சும் கேலி பேசிட்டுத்தான் போவாரு.

அன்னைக்கு வீட்டுக்குப் போறேன், மனுசன் கட்டில்ல. வலிக்குதுங்கிறாரு. நான் சொன்னேன்ல? வாளியத் தூக்குனா வலிக்காம என்ன பண்ணும்? "பாத்தீங்களா, என் பேச்சக் கேக்கலையே"ன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. மறுபடி ஒத்தடம், மறுபடி பெல்ட்டு, எல்லாம் முதல்ல இருந்து. அதுக்குப் பிறகு அவரு கடைக்கு வரேன்னே சொல்லல. கோயில் வரைக்கும் நடக்குறதும் நின்னுபோச்சு. பயிற்சியும் இல்ல. அவருக்கே தெரிஞ்சுருச்சு, இன்னும் ஆகலன்னு.

ஒரே ஒரு தடவ கேட்டாரு. நான் சோறு பிசைஞ்சுக்கிட்டிருக்கேன். "எனக்கு ஏதாச்சும் ஒரு வேலை சொல்லேன்"னாரு. "உங்களுக்கு என்ன வேலை? நீங்க நல்லா இருந்தாப் போதும், அதுதான் வேலை"ன்னேன். வேற எந்தப் பொண்டாட்டி இப்படிச் சொல்லுவா? புருசன் படுத்துட்டா வையுற பொம்பளைகளத்தான் நான் பாத்திருக்கேன்.

மக கூட போன்ல கேக்குறா, "அம்மா, அப்பாவுக்குச் சரியானா நீ திரும்ப வீட்டுல இருப்பியா"ன்னு. என்ன கேள்வி அது? அவருக்குச் சரியாகணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. அத அவகிட்ட சொன்னேன். "நான் அதக் கேக்கலம்மா"ன்னா. பிறகு பிள்ள அழுகுதுன்னு வச்சுட்டா.

அப்பத்தான் போன வாரம் இது நடந்துச்சு. மத்தியானம் தட்டு கொண்டுபோறேன், கட்டில்ல ஆளில்ல. பின்பக்கம், கக்கூஸு, மாடி, எங்கயும் இல்ல. தெருவுல யாரும் பாக்கல. எங்கயாச்சும் விழுந்து கிடக்காரோன்னு கோயில் வரைக்கும் ஓடுனேன். காசிமாயன்தான் மெதுவா வந்து சொல்றான், "அண்ணன் பஸ் ஏறினாருக்கா, அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லச் சொன்னாரு"ன்னு. அவரு அக்கா, எங்க நாத்தனா, பவுன்தாய் மதினி. சின்னமனூர்ல இருக்காக. எனக்கு வந்த கோவம் இருக்கே! ரெண்டு மணி நேரம் பஸ்ல! இந்த இடுப்ப வச்சுக்கிட்டு! கட்டில்ல இருந்து சொம்பு எடுக்க முடியாத மனுசன், பஸ்ல எப்படிம்மா உக்காந்து போனாரு?

போன் போட்டேன். எடுத்தாரு. "வலிக்கலையா?"ன்னுதான் முதல்ல கேட்டேன். "இங்க வலிக்கல, விருமாயி"ன்னாரு. பேரச் சொல்லி எப்பவாச்சும்தான் கூப்பிடுவாரு. நான் "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டு வச்சுட்டேன்.

இப்ப மதினி தினம் போன் போட்டு, "வந்து பேசிட்டுப் போ விருமாயி, என் தம்பி நல்லாத்தான இருக்கான், வாழத் தோப்புக்குத் தண்ணி கட்டப் போறான், ரெண்டு வேளையும் நடக்குறான்"ங்கிறாக. கூடப் பொறந்தவுக அப்படித்தான் சொல்லுவாக. வலிய உள்ள வச்சுக்கிட்டு வெளிய சிரிக்கிற ஆளு அவரு, அவுகளுக்கு என்ன தெரியும்? நான் கூடவே இருந்து பாத்தவ. அதான் கிளம்பிட்டேன். கூட்டியாந்துரணும். பையில பாருங்க, பெல்ட்டு, எண்ணெய், ஒத்தடப் பை, எல்லாம் எடுத்தாந்திருக்கேன். திரும்பையில சின்னமனூர்லயே கார் பேசிக்கலாம். பஸ்ல வேண்டாம், குலுங்கும்.

ஒரு நிமிசம்.

ம், சொல்லு... அவரா? எத்தன மூட்டையாம்? குட்டி வண்டியில ஏத்திரு... இல்ல, நான் நாளைக்குத்தான் வருவேன். ஆமா, நாளைக்குக் காலையில கடையத் திறக்கும்போது நான் இருப்பேன்... என்னது? அவரா? வருவாரு. ஆனா கடைக்கெல்லாம் வரமாட்டாரு. நீ ஏன்டா அதக் கேக்குற?

பாருங்க, காசிமாயன் கேக்குறான். அண்ணன் கடைக்கு வருவாரான்னு. இவனுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?

நான் என்ன அவரு கடையப் புடுங்கிக்கிட்டா உக்காந்திருக்கேன்? நீங்களே சொல்லுங்க. போர்டுல அவரு பேருதான் இருக்கு. ஒருத்தரும் மாத்தல. இன்னும் கொஞ்ச நாளு, நல்லாத் தேறட்டும், அவரு பாட்டுக்கு வந்து உக்காரட்டும். நான் வேண்டாம்னா சொல்றேன்? முழுசாத் தேறட்டும்னுதான சொல்றேன். அரைகுறையா வந்து மறுபடி படுத்தா யாரு பாக்குறது? நான்தான பாக்கணும்!

வீரபாண்டி தாண்டியாச்சா? அப்ப சின்னமனூரு வந்துருச்சு. நீங்க கம்பம் வரைக்குமா? அதுவரைக்கும் அந்தத் துண்ட வச்சுக்கங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க, எங்கிட்ட இன்னொன்னு இருக்கு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் படுக்காம ஒரு நடை நடந்துட்டு வாங்க. உங்க வீட்டுக்காரரு படு படும்பாரு, கேக்காதீங்க.

ஏன் பஸ் நிக்குது? வாழைத்தாரு ஏத்துற லாரியா? ரோட்ட அடைச்சுக்கிட்டு நிறுத்தியிருக்கான் பாருங்க. ஸ்டாப்பு அங்க தெரியுது, இங்கயே இறக்கிவிடச் சொல்லவா... 

ஏய். அது அவருதான்.

அந்த மருந்துக் கடைக்குப் பக்கத்துல, ஊதாச் சட்டை. தெரியுதா? ஐயோ, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாரு! அது மதினி பேத்தி. என்ன கனம் கனக்கும் அது! அடுத்த கையில ஒரு பை வேற. நான் வாரேன்னு அவருக்குத் தெரியாது, மதினிகிட்ட மட்டும்தான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா தூக்கியிருக்க மாட்டாரு.

சிரிக்கிறாரு பாருங்க. அந்தக் கடைக்காரருகிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கிறாரு. பல்லு தெரிய.

பிள்ள செருப்பக் கீழ போட்டுருச்சு. குனியப் போறாரு. குனியாதீங்க... குனிஞ்சுட்டாரு. பிள்ளையோட குனிஞ்சு எடுத்துட்டாரும்மா. முட்டியெல்லாம் மடக்கல, சும்மா, நீங்களும் நானும் எடுக்குற மாதிரி. எந்திரிச்சுட்டாரு. ஒரு முனகல் கூட இல்ல. அதுக்குக் கால்ல மாட்டியும் விடுறாரு.

ஜன்னலக் கொஞ்சம் தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க, இறுகிக் கிடக்கு.

என்னங்க! ஏங்க! இந்தா, இங்க! பஸ்ல!

பாத்துட்டாரு. என்னையப் பாத்துட்டாரு. பிள்ளைய இறக்கி விடுறாரு. ம்.

கண்டக்டர், இருங்க, இறங்குறேன், பை இருக்கு. கத்தாதீங்க, இறங்குறேன்னு சொல்றேன்ல?

நீங்க ஜன்னல் பக்கம்தான இருந்தீங்க. நல்லாப் பாத்திருப்பீங்க. கைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாருல்ல இப்ப, லேசா ஒரு பக்கமா சாஞ்சு? அந்தக் கை எப்பப் போச்சும்மா அங்க? செருப்ப எடுத்துட்டு நிமிந்தாரே, அப்பயே போயிருச்சா? இல்ல நான் கூப்பிட்ட பிறகா?

சும்மா சொல்லுங்கம்மா. நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். நான் கூப்பிட்ட பிறகா?